மாமரத்தடிக் கொட்டகையில் ஒரு செவன்

2021 செப்டம்பரில் ஒரு மாலை. கிட், அதாவது வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் காரின் உதிரித் தொகுப்பு, ஏற்றி வந்த லாரி எங்கள் சந்துக்குள் திரும்ப முடியாமல் சேலம் அழகாபுரம் சாலையிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர், கிளீனர், நான், என் அக்காள் மகன் என்று நான்கு பேர் சேஸிஸைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தோம். ஒரு காரின் எலும்புக்கூட்டை நான்கு பேர் நடந்தே சுமந்துவிட முடிகிறது என்பது அன்று எனக்குப் பெரிய வியப்பு. எதிர் வீட்டு ஆத்தா வாசலுக்கு வந்து, “ஏன் சாமி, மாடிக்குக் கிரில்லா?” என்று கேட்டார். கார் என்றேன். சதுரக் குழாய்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “சக்கரம் எங்கே?” என்றார். அந்தச் சக்கரம் தரையைத் தொட இரண்டே கால் ஆண்டு ஆனது.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். விசை, திருப்புத்திறன், உராய்வு என்று இருபத்தாறு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வெல்டிங் கோலைத் தொட்டதில்லை. பழைய பாணி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை என் கையால் பூட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் கல்லூரி நாளிலிருந்தே கூட வந்துகொண்டிருந்தது. அதே ஆசையோடு இருப்பவருக்கு என் அனுபவம் சில மாதங்களையாவது மிச்சப்படுத்தட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது லோட்டஸ் செவன் வடிவம். காலின் சாப்மேன் 1957-ல் இங்கிலாந்தில் கொண்டுவந்த இரண்டு இருக்கை வண்டி. நீண்ட மூக்கு, வெளியே துருத்தி நிற்கும் முன்சக்கரங்கள், சைக்கிளுக்கு இருப்பது போலத் தனித்தனி மட்கார்டுகள். அந்த நாளில் அங்கே முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. செவன் அந்த வழியில்தான் பல வீடுகளுக்குப் போனது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டில் செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆக, வீட்டுக் கொட்டகையில் பூட்டுவதற்கென்றே பிறந்த வண்டி இது. சதுரக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த சேஸிஸ், அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, மூக்குக்கும் மட்கார்டுக்கும் மட்டும் ஃபைபர். பெரிய அச்சு இயந்திரம் எதுவும் தேவையில்லை. நகல் வண்டியில் லோட்டஸ் சின்னத்தை ஒட்டக் கூடாது என்பது என் கருத்து. என் வண்டியின் மூக்கில் சின்னத்துக்கான வட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன்பே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 126-வது விதிப்படி, ஒவ்வொரு வண்டி மாதிரியும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையத்தில் தேறிச் சான்று பெற வேண்டும். ஒரே ஒரு வண்டி கட்டும் தனியாளுக்கு அது எட்டாத காரியம். எஞ்சின் கொடுத்த பழைய வண்டியின் ஆர்.சி.யை வைத்து ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு இடம் தராது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனவே என் வண்டி பொதுச் சாலையில் ஒரு மீட்டர்கூட ஓடியதில்லை, ஓடவும் ஓடாது. தனியார் நிலம், இல்லையென்றால் பந்தயத் தடம். மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் கார்கள் வடிவமைத்த கோவை கரிவரதனின் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் தடம் இருக்கிறது. இந்த எல்லை மனதுக்கு ஒப்பவில்லை என்றால் கிட் வாங்காதீர்கள். நல்ல பழைய கார் ஒன்றை வாங்கிப் புதுப்பியுங்கள்.

எஞ்சினுக்காக 1998-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி ஒன்றை வாங்கினேன். 1,298 சிசி, கார்புரேட்டர் வைத்த எஞ்சின். உடல் முழுக்கத் துரு. ஆனால் எஞ்சின் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. செவனுக்கு எஞ்சின் நீளவாக்கில் இருக்க வேண்டும், பின்சக்கரம் ஓட வேண்டும். ஜிப்ஸி இரண்டுக்கும் பொருந்துகிறது. இன்னொரு வசதி, அதில் முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டி கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குகிறது. அதைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து நேரே பின் ஆக்ஸிலுக்கு ஷாப்ட் கொடுத்துவிடலாம். அந்தப் பெட்டி கொடுத்துவந்த ஏறக்குறைய 1.4 மடங்கு சுழற்சிக் குறைப்பு போய்விடும். வண்டியின் எடை பாதியாகிவிடுவதால் அது குறையாகத் தெரியவில்லை.

பழைய வண்டியைப் பிரிக்கும் முன் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எந்த கியர் தட்டுகிறது, எங்கே எண்ணெய் கசிகிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிரித்த பிறகு அது தெரியாது. பிரித்து முடித்ததும் ஆர்.சி.யைப் பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்து ரத்துசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். 55-வது பிரிவின்படி வண்டி இனிப் பயன்படாது என்றான 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கிட் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்க்கத்தான் கை பரபரத்தது. தடுத்தவர் எங்கள் தெருமுனை வெல்டிங் பட்டறை அண்ணன். “வீடு கட்டினால் முதலில் மூலைமட்டம் பார்ப்பீர்களா, சன்னல் மாட்டுவீர்களா சார்?” என்று கேட்டார். அன்று மாலை கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலையும் ஒரு தூக்குக்குண்டையும் இரவல் வாங்கி வந்தார்.

சேஸிஸை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, டியூபில் தண்ணீர் மட்டம் பார்த்து நான்கு மூலையையும் சமமாக்கினோம். பிறகு சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்கள் மாட்டும் ஒவ்வொரு துளையிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, குண்டின் முனை அசைவு நிற்கும்வரை காத்திருந்து, தரையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டோம். அதற்காக மின்விசிறியை நிறுத்தியதால் இருவருக்கும் வியர்வை கொட்டியது. பதினாறு குறிகள். சேஸிஸைத் தள்ளி வைத்ததும், காரின் முழு அளவு வரைபடம் சிமென்ட் தரையில் கிடந்தது. முன் இடமிருந்து பின் வலம், முன் வலமிருந்து பின் இடம் என்று மூலைவிட்டங்களை அளந்தோம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நூலுக்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது. தேடிப் பார்த்ததில் இடது முன்பக்கக் கீழ் ஆர்ம் பிராக்கெட் நான்கு மில்லிமீட்டர் முன்னால் தள்ளிப் பற்றவைக்கப்பட்டிருந்தது.

கிட் செய்துகொடுத்த பட்டறையில், அலைன்மென்டில் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். சக்கரத்தின் திசையைச் சரிசெய்யலாம்தான். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் மறுபக்கத்தைவிட முன்னால் நின்றபடியேதான் இருக்கும். பிராக்கெட்டை அறுத்தெடுத்து மறுபடி வைத்தோம். ஒரு நாள் வேலை. எஞ்சினும் பானட்டும் ஏறிய பிறகு தெரியவந்திருந்தால் இரண்டு மாத வேலை. அந்தப் பென்சில் குறிகளின் மேல் வார்னிஷ் தடவி அழியாமல் வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளில் பத்து முறையாவது அவற்றிடம் திரும்பிப் போயிருப்பேன்.

இவ்வளவு கற்றும் அடுத்த பெரிய தவறைச் செய்தேன். சேஸிஸ் கறுப்பாகப் பளபளப்பதைப் பார்க்கும் ஆசையில் எட்டாவது மாதமே பவுடர் கோட்டிங் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் ஹேண்ட்பிரேக் கேபிள் எங்கே பிடிக்கும், பெட்ரோல் குழாய் எதில் தொங்கும், சீட் பெல்ட் எந்தக் குழாயில் ஏறும் என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. பதினோரு இடங்களில் பூச்சைச் சுரண்டிப் பற்றவைத்தேன். அந்த இடங்களில்தான் இன்று துரு எட்டிப் பார்க்கிறது. முழு வண்டியையும் பூச்சில்லாமல் ஒருமுறை பூட்டுங்கள். சக்கரம், எஞ்சின், பெடல், இருக்கை, விளக்கு எல்லாம் ஏற்றி, நீங்களே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். பிறகு கடைசி நட் வரை கழற்றிப் பூச்சுக்கு அனுப்புங்கள். இரட்டை வேலை போலத் தோன்றும். இதுதான் குறுக்கு வழி.

பின் ஆக்ஸிலில் ஜிப்ஸிக்குப் பட்டை ஸ்பிரிங். அந்தப் பட்டைகள் உட்காரும் தகடுகளை அறுத்துவிட்டு, சுருள் ஸ்பிரிங்குக்கும் இழுவைக் கம்பிகளுக்கும் புதிய பிராக்கெட்டுகள் வைக்க வேண்டும். ஆக்ஸிலை மூடியிருக்கும் ஹவுசிங் குழாயின் ஒரே பக்கத்தில் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் சூட்டில் அந்தப் பக்கம் சுருங்கி, குழாய் வாழைப்பழம் போல வளைந்துவிடும். உள்ளே ஷாப்ட் உரசும், பேரிங் போகும். அண்ணன் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் விரல் நுனியளவு மட்டும் பற்றவைத்து, இடம், வலம், மேல், கீழ் என்று மாறி மாறிப் போனார். கை வைத்தால் பொறுக்கும் சூடு வரும்வரை அடுத்த ஒட்டு போடவில்லை. இரண்டு பிராக்கெட்டுக்கு ஒரு பகல். கூலியை மணிக்கணக்கில் கொடுங்கள். வேலைக்கணக்கில் பேசினால் யாருக்கும் இந்தப் பொறுமை வராது.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாப்டைக் குறுக்க வேண்டியிருந்தபோதுதான் சேலத்தில் பிறந்ததன் பலன் தெரிந்தது. சங்ககிரி முக்கால் மணி நேரத் தூரம். லாரிகளின் ஊர். அங்கே ஒரு பட்டறையில் ஷாப்டைக் கொடுத்து எத்தனை மில்லிமீட்டர் குறைக்க வேண்டும் என்றேன். பெரியவர் முதலில் கேட்டது, “ஆக்ஸில் மேலும் கீழும் எவ்வளவு ஆடும்?” என்பது. பின் ஆக்ஸில் ஆடும்போது ஷாப்டின் நீளமும் மாறும். ஷாப்டில் உள்ளும் வெளியும் நழுவும் பல்வரியான ஸ்ப்ளைன் உள்ளே முட்டாமலும் கழன்று வராமலும் இருக்கும் நீளத்தை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். என் அளவுத் தாளில் அது இல்லை. திரும்பி வந்து, ஜாக்கி வைத்து ஆக்ஸிலை ஏற்றி இறக்கி அளந்துகொண்டு மறுவாரம் போனேன். இரு முனைகளின் மூட்டுக் கிராஸ்களும் ஒரே திசையில் நிற்கும்படி பற்றவைத்து, சுழலவிட்டுச் சமன்பார்த்து, மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார். இன்றுவரை அதில் ஒரு நடுக்கம் இல்லை.

என் பாடம் உண்மையாகக் கைகொடுத்த இடம் முன்சக்கரம். ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் ராக் மாருதி 800-உடையது. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஆர்ம்கள் ஒரு வில்லிலும் ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு வேறொரு வில்லிலும் நகர்ந்தால், ஸ்டீயரிங்கை நாம் தொடாமலேயே சக்கரம் திரும்பும். எடை குறைந்த வண்டியில் இது ஆபத்து. ஸ்பிரிங்கைக் கழற்றி, வகுப்பறை லேசர் விளக்கைச் சக்கர ஹப்பில் கட்டி, ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் தாள் ஒட்டினேன். அக்காள் மகன் ஜாக்கியால் ஹப்பை ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்ற, சிவப்புப் புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்தேன். நேர்க்கோடாக மேலேற வேண்டிய புள்ளி நான்கு சென்டிமீட்டர் பக்கவாட்டில் ஓடியது. “மாமா, இது பரவளையம் மாதிரி இருக்கிறது” என்றான். ராக்கின் அடியில் வாஷர் வைத்து உயர்த்திப் பார்த்தோம். மூன்று மில்லிமீட்டரில் வளைவு பாதியானது. ஆறு மில்லிமீட்டரில் புள்ளி ஏறக்குறைய நேராக ஏறியது. வாஷர்களை எடுத்துவிட்டு லேத்தில் ஆறு மில்லிமீட்டர் இரும்புத் துண்டு கடைந்து வைத்தோம். ஓர் ஞாயிறு முழுக்கப் போனது. இந்த வண்டியில் நான் மிகவும் மதிக்கும் ஆறு மில்லிமீட்டர் அது.

அலுமினியத்தில் என்னைக் காப்பாற்றியவர் கொலுசுத் தொழிலாளி ஒருவர், செவ்வாய்ப்பேட்டைக்காரர், பழைய மாணவரின் தந்தை. பின்பக்கத் தகட்டின் விளிம்பைக் கம்பியின் மேல் சுருட்டி மடிக்க வேண்டும். இரண்டு முறை மடித்தேன், இரண்டு முறையும் விளிம்பு வெடித்தது. வெடித்த தகட்டை அவரிடம் காட்டினேன். “பதம் காட்டினீர்களா?” என்றார். வெள்ளியைத் தட்டத் தட்ட இறுகும்; இடையிடையே சூடுகாட்டி இளக்கிக்கொள்ளாவிட்டால் விரிசல் விடும். வெள்ளி சூடேறும்போது மங்கலான சிவப்பு காட்டி எச்சரிக்கும். அலுமினியம் அப்படி எச்சரிக்காது, 660 டிகிரியில் நிறம் மாறாமலே உருகி விழுந்துவிடும். அவர் துணி துவைக்கும் சோப்புக் கட்டியை எடுத்து விளிம்பு நெடுகக் கோடு இழுத்தார். ஊதுகுழல் தீயை அதன்மேல் வைக்காமல், தகட்டின் மறுபுறத்தில் மெதுவாக ஓட்டினார். வெள்ளைக் கோடு பழுப்பானது, கறுத்தது. “போதும்” என்று தீயை எடுத்துவிட்டார். ஆறிய தகடு கட்டை விரலுக்கே வளைந்து கொடுத்தது. மூன்றாவது தகட்டில் விளிம்பு ஒரு கீறல் இல்லாமல் சுருண்டது. அலுமினியத்துக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே சீலன்ட் தடவிவிட்டு ரிவெட் அடியுங்கள். இரண்டு உலோகமும் ஈரத்தோடு நேரடியாகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

ஃபைபர் மட்கார்டுகளில் ஒன்று லாரியிலேயே உடைந்து வந்ததால் ரெசின் வேலையும் கற்க வேண்டியதாயிற்று. சேலத்து ஏப்ரல் வெயிலில் டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்தால், பிரஷ்ஷை எடுக்கும் முன்பே ரெசின் இறுகி, டப்பா கையில் பிடிக்க முடியாமல் கொதிக்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சிறு சிறு கிண்ணமாக, குறைந்த ஹார்டனரோடு செய்யுங்கள். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டு பாட்டில்களையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

பெயிண்ட், இருக்கைத் தையல், கண்ணாடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் நல்ல கைகள் இருக்கின்றன, கொடுத்து வாங்கினேன்.

எஞ்சினை முதன்முதலாக இயக்கிய நாளைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர். அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள், என் மனைவி எஞ்சினுக்கு விபூதி பூசிச் சூடம் காட்டினார். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் முனகியதே தவிர எஞ்சினைச் சுற்றவில்லை. பேட்டரி சோர்ந்திருக்கிறது என்று நினைத்து இன்னொன்றைச் சேர்த்து மறுபடி திருப்பினேன். பெடலருகே ரப்பர் கருகும் நாற்றம். குனிந்து பார்த்தால் ஆக்ஸிலேட்டர் கேபிளின் உறை உருகிப் புகைந்துகொண்டிருந்தது! மனைவிதான் பேட்டரி வயரைப் பிடுங்கினார்.

எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸ் முழுக்கப் பவுடர் பூச்சு; அது மின்சாரம் கடத்தாது. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையை நான் பூச்சின் மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தேன். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் திரும்பிப் போக வழி தேடி, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ஒரே உலோக இழையான ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பிடித்துக்கொண்டது. மின்சுற்று முழுமை பெற வேண்டும் என்று ஆண்டுதோறும் பாடம் எடுப்பவன் நான். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயரை நேரே கியர்பாக்ஸுக்கும் கொடுங்கள். புதிய கேபிள் வாங்கி மாட்டிய மறுநாள், இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. மூடியில்லாத சைலன்சர் சத்தத்தில் மாமரத்துக் கிளிகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன.

பிரேக்கில் காலழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் கிடையாது. பெடலின் நெம்புகோல் நீளத்தைக் கூட்டி, பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவைக் குறைத்தால், அதே காலழுத்தத்துக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். பெடல் மட்டும் சற்று ஆழமாக இறங்கும். குழாய்முனைகளை இரட்டை மடிப்பாக விரியுங்கள், ஒற்றை மடிப்பு நாளடைவில் பிளக்கும். பிரேக்கில் ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் பெயிண்ட்டும் கூடவே வரும்.

2025 ஜனவரியில் ஏற்காட்டுக்குப் போனோம். சகலையின் காபித் தோட்டத்துக்குள் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சொந்தப் பாதை இருக்கிறது, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே. 14 அடி மினி லாரியில் வண்டியை ஏற்றி, சேஸிஸில் பெல்ட் போட்டுக் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் லாரியில் வண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து கடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கை பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

சேலத்தில் சீராக ஓடிய எஞ்சின் மேலே மூச்சு முட்டியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தயங்கித் தயங்கி எழுந்தது, சைலன்சரில் கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினேன், அடுப்புக்கரி பூசியது போல இருந்தது. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். காற்று ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டுக்கு அது தெரியாது; சேலத்தில் கொடுத்த பெட்ரோலையே கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு அளவு சிறிய ஜெட்டைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். மாற்றி, பத்து நிமிடம் ஓட்டி மறுபடி கழற்றினால் பிளக் முனை காபிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. மெலிந்த காற்றில் எஞ்சினின் வலுவும் அதே பங்கு குறையும். அதற்கு ஜெட்டில் மருந்து இல்லை. 1,500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் புதிதாக மாற்றிக்கொண்டேன். கீழே இறங்கியதும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள். சிறிய ஜெட்டோடு சேலத்தில் வேகமாக ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

ஓட்டும்போது எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தரை இவ்வளவு அருகில் ஓடுவதை நான் கண்டதில்லை. முழங்கையைத் தொங்கவிட்டால் பாதையைத் தொடலாம். முன்சக்கரங்கள் இரண்டும் கண்ணெதிரே ஏறி இறங்குவது தெரிகிறது. ஒரு கல்லின் மேல் இடது சக்கரம் ஏறியபோது ஸ்டீயரிங் கையில் அசையவில்லை. அந்த ஆறு மில்லிமீட்டரை நினைத்துக்கொண்டேன். காபிச் செடிகளின் ஈர வாசனையும் சூடான எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. மூன்றாவது கியருக்கு மேல் போகவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகம்தான் இருக்கும். இருபத்தெட்டு ஆண்டுகளாகக் காத்திருந்தது இந்த ஒரு கிலோமீட்டருக்குத்தான் என்று தோன்றியது.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். கிட்டுக்குக் கொடுத்ததைப் போல இன்னும் இரண்டு மடங்கு வெளியே போயிற்று. ஜிப்ஸி ஒரு பங்கு. மீதி டயர், ரேடியேட்டர், பிரேக் குழாய், லேத் கூலி, வெல்டிங் கூலி, நட்டு போல்ட்டு. போல்ட்டில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். சஸ்பென்ஷனிலும் ஸ்டீயரிங்கிலும் தலையில் 8.8 என்ற வலிமைக் குறி பொறித்த போல்ட்டும், தளராமல் பிடிக்க நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும்தான். கழற்றிய நைலாக் நட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலுமாக மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவைத்திருந்தேன். நட் அசைந்தால் கோடு முறியும். தோட்டத்துப் பாதையில் இருபது முறை போய் வந்த மாலை, வண்டியை இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, டார்ச் அடித்துக்கொண்டே அடியில் படுத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். அக்காள் மகன் மேலே நின்று நோட்டில் எண்ணைக் குறித்தான். 148 கோடுகளில் மூன்று முறிந்திருந்தன. மூன்றும் இடது பின்பக்க இழுவைக் கம்பியில். நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச் கீழே, அழகாபுரத்தில் இருந்தது. நோட்டில் அந்த மூன்று எண்களையும் வட்டமிடச் சொல்லிவிட்டு, வண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினோம். மலையில் பனி இறங்கத் தொடங்கியிருந்தது.